வெள்ளநீர் புகுந்த கார்

மழை வெள்ளத்தில் எஞ்சினோ உட்பகுதியோ நனைந்த வாகனம். சென்னையில் 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பகுதிகளில் ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலின்போது பலர் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை நிறுத்திக் காப்பாற்றினர்.

பாதிப்பு: ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் போகும் நீர், காற்றைப் போல அமுங்காது. அந்நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். ஆகவே சாவியைத் திருப்பவே கூடாது.

முதலுதவி: நீர் வடிந்தபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதுவே கடைசி. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கையில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். மெக்கானிக் சிலிண்டர் நீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றிய பிறகே எஞ்சினை இயக்கலாம். மின்சார, ஹைப்ரிட் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்களை உரிமையாளர் தொடவே கூடாது.

உதிரிபாகங்கள்: சென்னையில் புதியவை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், பழையவை புதுப்பேட்டையிலும் கிடைக்கும். கதவு, பம்பர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக் பேட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவை உயிர்காக்கும் பாகங்கள். புதிதாகவே வாங்க வேண்டும். பாகங்களை மாற்றும்போது, ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் காருக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. உறுதியான தரையில் ஜாக் ஸ்டாண்ட் கொடுப்பது கட்டாயம்.