தூக்கும் கைக்குப் படிப்பு கிடைத்தபோது

திரேஸ்புரத்தில் நாட்டுப்படகில் ஒருவர் மயங்கி விழுந்தாலோ, சங்கு குளிக்கப் போனவர் கடலுக்கு மேலே வந்ததும் கை கால் மரத்துக் கிடந்தாலோ, அவரை முதலில் தொடுவது உடன் இருக்கும் தொழிலாளியின் கைதான். மருத்துவர் அதற்குப் பிறகுதான் வருகிறார். அந்த முதல் கைக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே பல நேரம் உயிர் தங்குகிறது. அந்தக் கைக்குப் படிப்பு கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் ஒரு கடிதத்தைப் பதிவு செய்கிறார். கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத ஆசிரியர் ஒருவர் எழுதி, 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம் அது. குழந்தை பெற்ற மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார் மருத்துவர். நோயாளியை வெளியே கொண்டுவந்த பிறகும் அவர் தொடவில்லை. வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. அந்தத் தாய் பிழைக்கவில்லை. மருத்துவரிடம் படிப்பு இருந்தது, தொட மனம் இல்லை.

இதன் மறுபக்கம் நம் ஊர்களில் உண்டு. பிணம் தூக்க, குழி வெட்ட, எரிக்க நம் ஆட்கள். நாடி பிடிக்க வேறு ஆட்கள். உடலைத் தொடும் இழிவை நம் மீது சுமத்திய சாதி, உடலைப் பற்றிய அறிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இந்தப் பிரிவினையை உடைத்த ஒரு முயற்சி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. 1960களில் அந்நாட்டின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் பிண ஊர்திதான். பிட்ஸ்பர்க்கில் போலீஸ் வேன். நோயாளியைத் தூக்கிப் போட்டு ஓட்டுவார்கள், வழியில் சிகிச்சை எதுவும் கிடையாது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில் போலீசைக் கூப்பிடவே பயம்.

1967இல் அங்கே 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை உருவானது. வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று நகரம் ஒதுக்கியிருந்த கறுப்பின இளைஞர்களை அது சேர்த்தது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். சி.பி.ஆர். முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மருத்துவர் பீட்டர் சஃபர் அவர்களுக்குச் சுமார் 300 மணி நேரப் பயிற்சியை வகுத்தார். உடற்கூறு, மூச்சுப்பாதையைத் திறப்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, பிரசவம் பார்ப்பது என்று எல்லாம் கற்றார்கள். பிறகு வந்த மருத்துவர் நான்சி கரோலின் அவர்களோடு வண்டியில் போய் வேலை செய்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய பாடத்திட்டமே நாடு முழுவதற்கும் அடிப்படை ஆனது.

அப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1975 அக்டோபரில் நகராட்சி அந்தச் சேவையை மூடிவிட்டுச் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியது. பழைய ஆட்களுக்குப் புதுத் தேர்வுகள், புது நிபந்தனைகள். பலர் வெளியேறினார்கள். வேலைக்கு மதிப்பு வந்ததும், அதை உருவாக்கியவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சேரிக்கும் குப்பத்துக்கும் கட்டணம் இல்லாமல் வண்டி வர வேண்டும் என்பது அரசின் பொறுப்பாக மாறியது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வண்டியில் வருபவர்களின் நிலை என்ன? மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங் அல்லது உயிர் அறிவியல் படிப்பு கேட்கிறார்கள். சுமார் 50 நாள் பயிற்சி தருகிறார்கள். 12 மணி நேர ஷிப்ட். சேவையை அரசுக்காகத் தனியார் நிறுவனம் நடத்துவதால் இவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. அரசியலமைப்பின் 16(4) பிரிவு தரும் இடஒதுக்கீடு அரசுப் பணிக்கானது. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. உயிர் காக்கும் வேலையை நம் பிள்ளைகள் செய்யலாம், ஆனால் அது உரிமையாகக் கிடைக்காது என்பதே இதன் பொருள்.

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் மீது போலீஸ் சுட்டபோது, திரேஸ்புரத்திலும் ஒரு பெண் கொல்லப்பட்டார். குண்டடி பட்டவருக்குப் பக்கத்தில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்த அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அழுத்தக் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் வேலை செய்து வேகமாக மேலே வருபவரின் உடலில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி வாதம் வரை போகலாம். அவரைப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுக்கக் கரையில் யாருக்குத் தெரியும்?

2000இல் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி இங்கேயே இருக்கிறது. அதன் ஆசிரியர்கள் கடற்கரைக்கும் சேரிக்கும் வந்து, பட்டம் இல்லாத இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் சான்றிதழோடு பயிற்சி தர வேண்டும். அந்தச் சான்றிதழ் 108 வேலைக்கு வழியாக வேண்டும். அந்த வேலை இடஒதுக்கீட்டோடு நிரந்தர அரசுப் பணியாக வேண்டும். பயிற்சி மட்டும் கிடைத்து வேலையில் உரிமை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிட்ஸ்பர்க் காட்டிவிட்டது. நாம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம்.