இரைச்சலுக்கு நடுவே பேச்சு: காது கேட்கும் கருவிகளின் வரலாறு

காது கேட்கும் கருவி போட்டுக்கொண்டவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "சத்தம் கேட்குது, பேச்சுதான் புரியல." வீட்டில் எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் சிக்கல் இல்லை. கல்யாண மண்டபத்துப் பந்தியிலோ பேருந்து நிலையத்திலோ அதே குரல் கரைந்துபோகிறது. ஒலியைப் பெரிதாக்கும் வித்தை நூறாண்டுகளுக்கு முன்பே கைவந்துவிட்டது. இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் வித்தை இப்போதுதான் கைகூடி வருகிறது.

சிக்கலின் வேர் மெய்யொலிகளில் இருக்கிறது. 'கட்டு', 'தட்டு', 'பட்டு' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். 'அட்டு' என்ற பகுதி மூன்றிலும் ஓங்கி ஒலிக்கிறது. சொல்லை வேறுபடுத்தும் முதல் மெய்யோ கண நேர மெல்லிய வெடிப்பு. இரைச்சல் முதலில் விழுங்குவது அதைத்தான். நத்தைக்கூடு போல் சுருண்ட உட்காதில் சுமார் 3,500 உள்வரிசை மயிர்ச்செல்களும் 12,000 வெளிவரிசை மயிர்ச்செல்களும் இருக்கின்றன. மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பதும், நெருங்கிய அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டுவதும் வெளிவரிசையின் வேலை. வயதாலோ பட்டறை இரைச்சலாலோ அவை அழிந்தால் இரண்டு திறனும் போகின்றன. சத்தத்தைக் கூட்டுவது முதல் இழப்பை மட்டுமே ஈடுசெய்யும். ஒலி குறைவது வேறு, ஒலி சிதைவது வேறு என்று நெதர்லாந்து அறிஞர் ரெய்னியர் பிளாம்ப் 1978இல் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கருவி வாங்கியவர்கள் பட்ட ஏமாற்றத்துக்கு அதுவே நேர்மையான விளக்கம்.

மின்சாரத்துக்கு முந்தைய காதுக்குழல்களில், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு நல்ல தீர்வு இருந்தது. குழலின் அகன்ற வாய் பேசுபவரை நோக்கி நீண்டிருக்கும். அதனால் அவர் குரல் மற்ற ஓசைகளை முந்திக்கொண்டு காதுக்குள் நுழையும். இசைமேதை பீத்தோவனுக்காக இயந்திர வல்லுநர் மெல்ட்செல் செய்துகொடுத்த குழல்களை ஜெர்மனியின் பான் நகரில், அவர் பிறந்த வீட்டில் இன்றும் காணலாம். லண்டனில் ரெய்ன் நிறுவனம் போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜுவாவுக்கு 1819இல் செய்த நாற்காலி இன்னும் விசித்திரமானது. கைப்பிடிகளின் முனையில் வாய் பிளந்த சிங்கத் தலைகள். பேச வந்தவர் மண்டியிட்டு அந்தச் சிங்கத்தின் வாயில் பேச வேண்டும்; ஒலி இருக்கைக்குள் புகுந்து ஒரு குழாய் வழியாக மன்னரின் காதை அடையும். அரசவை எவ்வளவு கூச்சலாக இருந்தாலும் மன்னருக்கு ஒரு குரல்தான் முக்கியமாகக் கேட்டிருக்கும்.

மின்கருவிகள் வந்தபோது இந்த நெருக்கம் தொலைந்தது. 1920களில் வெற்றிடக் குழாய்க் கருவிகள் கடைக்கு வந்தன. 1952 டிசம்பரில் ட்ரான்சிஸ்டர் பொருத்திய கருவி விற்பனைக்கு வந்தது. ட்ரான்சிஸ்டர் ரேடியோவுக்கே அதன் பிறகுதான் வேளை வந்தது. கருவிகள் சிறுத்தன, பேட்டரி நீடித்தது. ஆனால் சட்டைப்பையில் இருந்த மைக்குக்கு எதிரே பேசும் மகளும் ஒன்றுதான், தலைக்குமேல் சுற்றும் மின்விசிறியும் ஒன்றுதான். துணி உரசும் ஓசையும் சேர்ந்தே பெரிதானது.

மூளை கூட்டத்தில் ஒரு குரலை எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்வியைப் பிரிட்டிஷ் அறிஞர் காலின் செர்ரி 1953இல் எழுப்பினார். ஒரே ஆளின் குரலில் இரண்டு பேச்சுகளைக் கலந்து கொடுத்தால் பிரித்தறியக் கேட்பவர்கள் திணறினார்கள். காதுக்கு ஒரு பேச்சாகப் பிரித்துக் கொடுத்தபோது எளிதாகப் பின்தொடர்ந்தார்கள். கவனிக்காத காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூட உணரவில்லை. இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்று இன்று வலியுறுத்தப்படுவதற்கு இத்தகைய ஆய்வுகளும் அடிப்படை.

உருப்படியான முதல் விடை 1969இல் மேற்கு ஜெர்மனியில் வந்த திசை மைக். கருவியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள். அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியில் 34,000இல் ஒரு பங்கு நேரம் ஆகும். பின்னாலிருந்து வரும் ஒலி பின்துளையை முதலில் தொடும். அதைச் சற்றுத் தாமதப்படுத்தி முன்துளையின் ஒலியிலிருந்து கழித்தால் பின்புற இரைச்சல் அடங்கும். எளிய கணக்கு, பெரிய பலன். ஆனால் சுவர்கள் எதிரொலிக்கும் கூடத்தில் பலன் குறையும். பின்னாலிருந்து கூப்பிடும் பேரனின் குரலும் சேர்ந்து அடங்கும்.

1996இல் முழு டிஜிட்டல் கருவிகள் பரவத் தொடங்கியதும் 'இரைச்சல் நீக்கம்' என்ற விளம்பரம் எங்கும் ஒலித்தது. மின்விசிறி, ஏசி போன்ற சீரான ஓசைகளை அவை நன்றாகவே தணித்தன, காது களைப்படையவில்லை. ஒற்றை மைக்கை நம்பிய அந்த முறையால் புரியும் சொற்களின் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. பேச்சுக்கு இரைச்சலாக இருப்பது பெரும்பாலும் பிறருடைய பேச்சுதானே!

சிங்கத் தலையின் தத்துவம் இதற்கிடையே வேறு வடிவில் திரும்பியிருந்தது. ஆசிரியர் கழுத்தில் மைக்கை மாட்டி, ரேடியோ அலை வழியாக மாணவரின் கருவிக்கே குரலை அனுப்பும் எஃப்எம் முறை வகுப்பறைகளில் நிலைபெற்றது. எதிரொலி இல்லாத இடத்தில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் உயரும். வாயருகே வைத்த மைக்குக்கு இணையாக இரைச்சலை வெல்லும் மலிவான வழி வேறில்லை. இவ்வளவு பலன் தரும் ஒன்றைப் பெரியவர்கள் கூச்சத்தால் தவிர்ப்பது வருத்தத்துக்குரியது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. டெலியாங் வாங் குழுவினர் பேச்சையும் இரைச்சலையும் பிரிக்க நரம்பு வலைப்பின்னல் என்ற, எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2013இல் வெளியான அவர்களது ஆய்வில், இந்த முறையின் துணையோடு கேட்ட செவித்திறன் குறைந்தவர்கள், துணையின்றி அதே இரைச்சலில் கேட்ட இயல்பான செவியினரையே முந்தினார்கள். அதைக் காதளவு கருவிக்குள் கொண்டுவர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. சுமார் 10 மில்லிநொடிக்குள் எல்லாக் கணக்கும் முடிய வேண்டும். தாமதித்தால் அணிந்தவருக்குத் தன் குரலே எதிரொலியாகத் தொல்லை கொடுக்கும். ஓட்டிகான் நிறுவனம் 2021இல் நரம்பு வலைப்பின்னல் பொதிந்த கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேச்சைப் பிரிப்பதற்கென்றே தனிச் சில்லு வைத்த கருவியை ஃபோனாக் 2024இல் வெளியிட்டது.

கருவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமைதியான அறையில் பீப் ஒலி கேட்கும் சோதனையோடு எழுந்துவிடாதீர்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சு எவ்வளவு புரிகிறது என்று அளக்கும் சோதனையையும் கேட்டுப் பெறுங்கள். முடிந்தால் சில நாள் கருவியை வாங்கிச் சென்று, கூட்டமான ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பேசிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.