கேரள எல்லையில் தபால் எங்கே சிக்குகிறது? மூணாறு முதல் சித்தூர் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணியாச்சு. கார்டுக்கும் தபாலுக்கும் சேர்த்துப் பணமும் கட்டியாச்சு. ஆனால் லைசென்ஸ் மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் கேரளா முழுக்க லட்சக்கணக்கான லைசென்ஸ், ஆர்.சி. கார்டுகள் இப்படித் தேங்கின. கார்டு அச்சிடும் ஐ.டி.ஐ. நிறுவனத்துக்கும், அதைக் கொண்டு சேர்க்கும் அஞ்சல் துறைக்கும் மாநில மோட்டார் வாகனத் துறை கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருந்தது. அச்சும் நின்றது, ஸ்பீட் போஸ்ட்டும் நின்றது. பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, பாலக்காட்டின் சித்தூர் போன்ற தமிழர்கள் அதிகம் வாழும் தாலுகாக்களில் இந்தக் காத்திருப்பு இன்னும் கடினம். தபால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, யாரைக் கேட்பது என்பதே இங்கு பலருக்குப் புதிர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பக்கத்து ஊர்தானே, ஏன் இத்தனை நாள்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறினால் கேரளா. அங்கிருந்து மூணாறுக்கு பஸ்ஸில் சில மணி நேரம்தான். ஆனால் தபால் அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை.

1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமான பின்கோடு முறையில் முதல் எண் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாடு, கேரளா இரண்டுக்கும் அது 6. அடுத்த எண்ணில்தான் பாதை பிரிகிறது. போடி 625513, மூணாறு 685612. பொள்ளாச்சி 642001, கொழிஞ்சாம்பாறை 678555. 67, 68, 69 என்று தொடங்கினால் கேரள அஞ்சல் வட்டம்.

ஆக, போடியில் போட்ட கடிதம் முதலில் தமிழ்நாட்டுப் பிரிப்பகத்துக்குப் போக வேண்டும். பிறகு கேரளப் பிரிப்பகம், அதன் பிறகே மலை. கட்டணமும் இதையே சொல்கிறது. உள்ளூரைத் தாண்டினால் 50 கிராம் வரையிலான ஸ்பீட் போஸ்ட்டுக்கு 47 ரூபாய், வரி தனி. போடியிலிருந்து மூணாறுக்கும் அதே 47, டெல்லிக்கும் அதே 47.

அதனால் பின்கோட்டில் ஒரு எண் தவறினாலும் உறை வேறு வட்டத்துக்கே போய்விடலாம்.

டிராக்கிங் ஏன் அப்படியே நிற்கிறது?

டிராக்கிங் உங்கள் கடிதத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா இல்லை. உறை ஒரு பைக்குள் போகும்போது ஒரு ஸ்கேன், பை கிளம்பும்போது ஒன்று, அடுத்த மையத்தில் பை திறக்கும்போது ஒன்று. இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே என்ன நடந்தாலும் திரையில் பழைய வரிதான் இருக்கும்.

‘டிஸ்பேட்ச்டு’ என்று மூன்று நாள் நின்றால், பை வண்டியில் இருக்கலாம், அடுத்த மையத்தில் திறக்காமல் கிடக்கலாம், மண்சரிவால் வண்டியே கிளம்பாமலும் இருக்கலாம். கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையின் மூணாறு கேப் ரோடு பகுதி மழைக்காலங்களில் பலமுறை மூடப்பட்டிருக்கிறது. காரணம் எதுவானாலும் நமக்குத் தெரிவது ஒரே வரிதான். தாமதத்தைவிட அதிகம் எரிச்சலூட்டுவது இந்த மௌனம்தான்.

கடைசி சில கிலோமீட்டர்

நாட்டின் சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கிளை அஞ்சலகங்கள். அவற்றை நடத்துபவர்கள் கிராமின் டாக் சேவக் ஊழியர்கள். இவர்களின் அதிகாரபூர்வ வேலை நேரம் தினமும் 4 அல்லது 5 மணி நேரம் மட்டுமே.

குன்னூர் பகுதியில் காடு வழியாகத் தினமும் சுமார் 15 கி.மீ. நடந்து தபால் கொடுத்து, 2020-ல் ஓய்வுபெற்ற டி. சிவனை நாடே பாராட்டியது. மலையில் பட்டுவாடா ஒரு தனி மனிதரின் கால்களை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதற்கும் அவரே சாட்சி. அவர் லீவு போட்டால் அன்றைக்குத் தபால்?

தேயிலைத் தோட்டங்களில் முகவரியும் ஒரு சிக்கல். தெரு, கதவு எண் இருக்காது. எஸ்டேட், டிவிஷன், லயம் எண் மூன்றும் இல்லாமல் “மூணாறு” என்று மட்டும் எழுதினால், ஒரே பெயரில் பலர் இருக்கும் இடத்தில் தபால்காரர் யாரைத் தேடுவார்?

2025-ல் என்ன மாறியது?

இரண்டு பெரிய மாற்றங்கள். ஒன்று, ஏ.பி.டி. எனும் புதிய மென்பொருள். 2025 ஆகஸ்ட் 4-ல் நாடு முழுக்க எல்லா அஞ்சலகங்களும் இதற்கு மாறின. மாறும்போது பகுதி பகுதியாகச் சேவை நிறுத்தப்பட்டது. தொடங்கிய நாட்களில் சர்வர் மெதுவாக இருக்கிறது, வரிசை நகரவில்லை என்று பல ஊர்களிலிருந்து புகார்கள் வந்தன.

இரண்டு, பதிவுத் தபால் இப்போது தனிச் சேவை இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. 2025 அக்டோபர் 1-ல் வந்த புதிய கட்டணப்படி 5 ரூபாயும் வரியும் கூடுதலாகக் கட்டினால் ‘பதிவு’ வசதி கிடைக்கும். அதாவது, பெயர் உள்ளவரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டும் தருவார்கள். ஓ.டி.பி. சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதிக்கும் அதே கட்டணம். செல்போன் சிக்னல் கிடைக்காத எஸ்டேட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ஓ.டி.பி.யைத் தேர்வு செய்யும் முன் யோசியுங்கள்.

தமிழில் கேட்கலாமா?

கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு வைக்க வழி செய்தது. ஆனால் அஞ்சல் துறை மத்திய அரசுடையது. கேரள வட்டத்தில் அதன் உள்ளூர் மொழி மலையாளம். டாக் சேவக் வேலைக்கும் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் படித்திருக்க வேண்டும். மலையாளம் படிக்காத எஸ்டேட் பிள்ளைக்குத் தன் ஊர் அஞ்சலகத்திலேயே அந்த வேலை எட்டாது. கவுன்டரில் பேச்சு ஓடிவிடும், எழுத்துப்பூர்வமான புகார் என்று வரும்போதுதான் மொழி குறுக்கே நிற்கும்.

தொலைந்தால் இழப்பீடு உண்டா?

உண்டு, ஆனால் மிகக் குறைவு. ஸ்பீட் போஸ்ட் தாமதமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தொலைந்தால் கட்டணத்தைப் போல இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 47 ரூபாய்க்கு அனுப்பிய டிகிரி சர்டிஃபிகேட் காணாமல் போனால் கிடைப்பது நூறு ரூபாய் அளவுக்குத்தான்.

2024 ஜூன் 18-ல் அமலுக்கு வந்த அஞ்சல் அலுவலகச் சட்டம் (2023), 1898-ம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. ஆனால் பழைய பாதுகாப்பு தொடர்கிறது. விதிகளில் சொன்னதைத் தாண்டி அஞ்சல் துறைக்குப் பொறுப்பு கிடையாது என்கிறது பிரிவு 10. மோசடி செய்தாலோ, வேண்டுமென்றே தாமதித்தாலோ தொலைத்தாலோ மட்டுமே ஊழியர் பொறுப்பாவார்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• முகவரியில் எஸ்டேட், டிவிஷன், லயம் எண், செல்போன் எண், பின்கோடு ஐந்தும் இருக்கட்டும். தமிழில் எழுதினாலும் கூடவே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். நடுவில் பிரிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.

• ரசீதை அன்றைக்கே போட்டோ எடுங்கள். 13 இலக்க எண் இல்லாமல் எந்தப் புகாரும் நகராது.

• ‘கதவு பூட்டியிருந்தது’ என்று வந்தால் காத்திருக்காதீர்கள். பொதுவாக 7 நாள்தான் அஞ்சலகத்தில் வைத்திருப்பார்கள். அடையாள அட்டையோடு நேரில் போங்கள்.

• அரசு அனுப்ப வேண்டிய கார்டு என்றால் முதலில் டிராக்கிங் எண் கேளுங்கள். எண் இல்லையென்றால் அது இன்னும் அஞ்சலகத்துக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்க வேண்டியது அந்தத் துறையிடம்.

• புகாருக்கு முதல் படி 1800 266 6868 அல்லது அஞ்சல் துறை இணையதளம். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் பி.ஜி. போர்ட்டல். அங்கு 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2024-ல் வந்த வழிகாட்டுதல்.

• அப்போதும் மௌனம்தானா? 10 ரூபாயில் ஆர்.டி.ஐ. போடுங்கள். எந்தத் தேதியில் எந்த அலுவலகம் பையைத் திறந்தது, யார் பட்டுவாடாவுக்கு எடுத்துச் சென்றார் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

• காலாண்டுக்கு ஒருமுறை நடக்கும் டாக் அதாலத் அறிவிப்பையும் கவனியுங்கள்.

• அசல் சான்றிதழ், நகை போன்றவற்றுக்கு இன்சூரன்ஸ் சேர்த்து அனுப்புங்கள்.

இன்டர்வியூ கடிதம் தேதி முடிந்து வந்தால், அந்த வாய்ப்பை எந்தச் சட்டமும் திருப்பித் தராது. தபால்காரரிடம் சண்டை போட்டும் பயனில்லை, பல நேரம் பை அவர் கைக்கே வந்திருக்காது. எங்கே நின்றது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.