வெள்ளிடை: ஐதராபாத்தில் ஒரு சந்தை முற்றத்தின் கதை

சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த என் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாம்பழம் என்றால் இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பாட்டி வீட்டு அறையில் வைக்கோலுக்குள் பழுத்துக் கிடக்கும் பழம். மற்றது, மொஜம் ஜாஹி மார்க்கெட். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, சம்பளம் வந்த வார ஞாயிற்றுக்கிழமை என்னைச் சைக்கிளில் வைத்து அங்கே அழைத்துப் போவார். நாம் பங்கனப்பள்ளி என்பதை அங்கே பேநிஷான் என்பார்கள். இமாம்பசந்துக்கு அங்கே ஹிமாயத் என்று பெயர். கருங்கல் வளைவுகளுக்கு நடுவே இருந்த முற்றத்தில் பழக்கூடைகள் மலை மாதிரி குவிந்திருக்கும். ஒரு பழக்கார பாய் என் கையில் ஒரு துண்டை வைத்து, அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் பேரம் முடிந்துவிடும்.

அந்த முற்றம் பிறகு ஒரு வெற்றிடமாகப் போனது. இப்போது மறுபடியும் ஒரு பொதுச் சதுக்கமாக ஆகியிருக்கிறது. அது எப்படி நடந்தது, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகாரில் ஒரு வெளி

ஊருக்கு நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைப்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அன்று. மன்றம், பொதியில், அம்பலம், சதுக்கம் என்று அதற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட வெளியில், மரங்களே தூண்களாக நிற்க, நாளங்காடி கூடியது. அதே நகரில் ஐந்து மன்றங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் வெள்ளிடை மன்றம். வெள்ளிடை என்றால் வெட்டவெளி. வணிகர்களின் பொதிகள் அங்கே காவலின்றிக் கிடக்குமாம். திருட வந்தவன் அந்தப் பொதியைத் தலையில் சுமந்தபடியே சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதானாம். மற்றொன்று பூதசதுக்கம். பொய்ச்சாட்சி சொல்பவர், பொய்த்தவ வேடத்தார் முதலியோரை அங்கிருந்த பூதம் தண்டிக்கும் என்பது நம்பிக்கை.

புராணச் சாயலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இதில் ஒரு நகர அறிவு தெரிகிறது. வெளி என்பது தானாகக் கிடப்பதில்லை. அதில் வாணிபம் நடக்க வேண்டும், நீதி பேசப்பட வேண்டும், அதைக் காப்பதற்கு ஒரு பூதமாவது வேண்டும். இந்த மூன்றும் போனால் வெளியும் போய்விடும்.

சார்மினாருக்கு வடக்கே காணாமற்போன சதுக்கம்

ஐதராபாத்தே ஒரு சதுக்கத்தோடு பிறந்த நகரம்தான். 1591இல் முகமது குலி குதுப் ஷா நகரை நிறுவியபோது, இரண்டு பெருவீதிகள் வெட்டும் இடத்தில் சார்மினார் எழுந்தது. நகர அமைப்பில் அவருக்குத் துணை நின்றவர் மீர் மோமின் அஸ்தராபாதி. சார்மினாருக்குச் சற்று வடக்கே நான்கு பெரிய வளைவுகளை எழுப்பி, நடுவே விசாலமான ஒரு வெளியையும் விட்டார்கள். சார் கமான் என்பது அந்த நான்கு வளைவுகளின் பெயர். நடுவிலிருந்த நீர்த்தொட்டிதான் இன்றைய குல்சார் ஹௌஸ். அந்த வெளிக்கு ஜிலௌகானா என்று பெயர். அரண்மனைக்கு முன்னால் படையணிகள் நிற்கும் முற்றம்.

1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. அரண்மனை போயிற்று, முற்றத்தில் நிற்க வேண்டிய படையும் போயிற்று. பிறகு வந்த காலங்களில் அந்த வெளிக்குள் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டடங்கள் நுழைந்தன. இன்று நகைக்கடைகளும் முத்துக்கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் தெருக்களில் நடப்பவர், தாம் ஒரு பெரிய சதுக்கத்தின் நடுவே நடக்கிறோம் என்பதை உணரவே முடியாது. வளைவுகள் நான்கும் இருக்கின்றன. தொட்டி சிறுத்துப்போய் நடுத்தெருவில் ஒரு நீரூற்றாக நிற்கிறது. வெளியைத்தான் காணோம்.

நம்ம சென்னையிலும் இந்தக் கதை உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் கோட்டையைப் பறிகொடுத்து மூன்றாண்டு கழித்துத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் பட்டினத்தை இடித்து, பீரங்கிக்கு மறைப்பில்லாத வெட்டவெளி ஆக்கினார்கள். அதுதான் எஸ்பிளனேட். யுத்த பயம் நீங்கியதும் வெளிக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் அங்கே எழுந்து நின்றது. பாரி முனையில் எஞ்சியிருக்கும் ஓர் எல்லைத்தூண் மட்டும் பழைய கதையைச் சொல்கிறது.

வெள்ளம் தந்த பாடம்

1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத்தை அழித்தது. சுமார் 15,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அப்ஸல்கஞ்ச் பக்கம், இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள புளியமரத்தின் மேல் ஏறி நூற்றைம்பது பேர் பிழைத்தார்கள் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டே விசுவேசுவரையா வரவழைக்கப்பட்டார். அவர் திட்டப்படி உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் முடிந்தன. அணைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆற்றங்கரையைச் சீர்செய்து அங்கே பூங்காக்களும் சாலைகளும் அமைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், 1912இல், நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நெரிசல் மிகுந்த, நோய் பரவிய குடியிருப்புகளை அகற்றுவது, சாலைகளை விரிப்பது, கழிவுநீர் வழிகள் அமைப்பது, புதிய வீடுகளும் கடைவீதிகளும் கட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு.

வாரியத்தின் தலைவராக இருந்த இளவரசர் மொஜம் ஜா, நிஜாமின் இரண்டாவது மகன். அவர் பெயரால் 1935இல் எழுந்ததே மொஜம் ஜாஹி மார்க்கெட். சாலைகள் பல கூடும் முனையில் மணிக்கூண்டு. அதன் இரு புறமும் கருங்கல்லில் வளைவு வளைவாக நீளும் கடை வரிசைகள். அவற்றின் அணைப்பில் உள்ளே ஒரு திறந்த முற்றம். சார் கமானில் அரசனின் படைக்காக விட்ட வெளியை, முந்நூற்று நாற்பது ஆண்டு கழித்து, பழம் வாங்க வரும் குடிமகனுக்காக விட்டார்கள் எனலாம்.

முற்றம் வெற்றிடமான விதம்

1980களில் மொத்தப் பழச்சந்தை நகரின் கிழக்கே கொத்தப்பேட்டைக்கு மாறிற்று. நெரிசலைப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். லாரிகள் நுழைய அந்த முனையில் இடம் ஏது? ஆனால் பழம் போனதும் முற்றத்தின் வேலையும் போயிற்று. ஐஸ்கிரீம், அத்தர், உலர்பழம், ஹுக்கா என்று வெளி வரிசைக் கடைகள் தாக்குப்பிடித்தன. உள் முற்றத்துக்குள் வண்டிகள் புகுந்தன, தகரக் கூரைகள் முளைத்தன, குப்பை சேர்ந்தது.

கல்யாணமாகி வெளிநாடு போன பிறகு, 1990களின் நடுவில் நான் மனைவியோடு அங்கே போனேன். “இதையா இத்தனை நாளாச் சொல்லிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தோன்றவில்லை. சீத்தாப்பழ ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்துச் சமாளித்தேன். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “வாங்கறவன் போனா விக்கறவன் போவான். விக்கறவன் போனா இடம் போயிடும்டா.”

யாரும் இடிக்கவில்லை, யாரும் விற்கவில்லை. ஊரின் மையத்தில், நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் இடத்தில், ஒரு பொது நிலம் கண்ணெதிரே காலிமனையாகிவிட்டது.

மீட்பு

2018இல் மீட்புப் பணி தொடங்கியது. தெலங்கானா அரசின் நகராட்சி நிர்வாகத் துறைச் செயலராக இருந்த அரவிந்த் குமார் இந்தக் கட்டடத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மாநகராட்சி பணியை நடத்தியது. கருங்கல்லின் மேல் படிந்த பல்லாண்டுப் புகையும் பூச்சும் அகற்றப்பட்டன. கூரை ஒழுக்கு அடைக்கப்பட்டது. தொங்கிய கம்பிகளும் கண்டபடி வைத்த பலகைகளும் இறங்கின. முற்றத்திலிருந்து வண்டிகள் வெளியேறின. 2020 ஆகஸ்டில் மார்க்கெட் மறுபடியும் திறக்கப்பட்டது.

இங்கே ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பழைய கடைக்காரர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றிவிட்டு அருங்காட்சியகம் ஆக்கவில்லை. கடைகள் கடைகளாகவே இருக்கின்றன. மாலையில் முற்றத்தில் உட்காரலாம், கதை கேட்கலாம், பாட்டுக் கேட்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம், பேரனோடு அங்கே போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த வயதான அத்தர்க் கடைக்காரரிடம், இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். “இடம் ரொம்ப அழகா இருக்கு சாப்,” என்றார் தக்காணி உருதுவில். “போட்டோ எடுக்க நிறையப் பேர் வர்றாங்க. அத்தர் வாங்கத்தான் வரணும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

யாருக்காகச் சதுக்கம்?

ஐதராபாத்தில் வெளிகளுக்கு இது ஒரு நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் உசேன் சாகர் கரையில், டேங்க் பண்டில், ஞாயிறு மாலைகளில் வண்டிகளை நிறுத்தி மக்களை நடக்கவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சார்மினாரைச் சுற்றியும் அப்படி ஒரு மாலை விழா தொடங்கியது. மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இடம் கிடைத்தால் வருவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

இதற்கு நூறாண்டை நெருங்கும் ஒரு சான்று அதே ஊரில் உண்டு. 1938இல் உஸ்மானியா பட்டதாரிகள் சங்கம் பாக்-ஏ-ஆம் பூங்காவில் சிறிதாகத் தொடங்கிய நுமாயிஷ் பொருட்காட்சி, 1946இல் நாம்பள்ளி மைதானத்துக்கு மாறியது. ஜனவரி பிறந்தால் ஊரே அங்கே திரளும். மையத்தில் இருக்கும் அவ்வளவு பெரிய மைதானம் இத்தனை ஆண்டுகள் மைதானமாகவே தப்பி நிற்பதற்குக் காரணம், ஆண்டுதோறும் அங்கே வந்து கடை விரிப்பவர்களும் அவர்களைத் தேடி வருபவர்களும்தான் என்பது என் கருத்து.

ஆனால் சதுக்கம் என்றால் பொழுதுபோக்கு மட்டும்தானா? இந்திரா பார்க் அருகே தர்ணா சௌக் என்று ஓர் இடம் உண்டு. குறை உள்ளவர்கள் உட்கார்ந்து முறையிடும் இடம். 2017இல் அங்கே போராட்டங்களுக்குத் தடை வந்தது. வழக்கு நடந்தது; 2018இல் உயர்நீதிமன்றம் மறுபடியும் அங்கே கூட அனுமதிக்கச் சொன்னது. பூதசதுக்கம் நினைவுக்கு வருகிறதல்லவா? பொய்யைத் தட்டிக்கேட்க ஊருக்குள் ஓர் இடம் வேண்டும் என்பது புகார் காலத்து எண்ணம்தானே!

அதேபோல் சார்மினாரைச் சுற்றி வண்டிகளைத் தடுத்துக் கல்பாவிய இடத்தில் வளையலும் பழமும் விற்பவர்களை ஒதுக்குவதா, ஒழுங்குபடுத்துவதா என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுக்களில் குறைந்தது 40 விழுக்காடு இடம் தெரு வணிகர்களுக்கே என்கிறது. நாளங்காடியில் கடை விரித்தவரின் உரிமைக்கு இந்தக் காலத்தில் நாம் எழுதிய வாசகம் அது. ஏட்டில் இருப்பது தெருவுக்கு வர வேண்டும்.

நமக்கு என்ன?

“ஐதராபாத்துக் கதை நமக்கெதற்கு?” என்று மலரைப் படிக்கும் அன்பர் யாராவது கேட்கலாம். ஒன்று, அது நம் ஊரும்தான். மதராஸ் படையோடு சிகந்தராபாத் கண்டோன்மெண்டுக்கு வந்த தமிழர்கள் தொடங்கி, ரயில்வேக்கும் அரசு வேலைக்கும் வந்தவர்கள் வரை, பல தலைமுறைத் தமிழர்களின் வாழ்க்கை அந்தத் தெருக்களில் கலந்திருக்கிறது. இரண்டு, புலம்பெயர்ந்தவர்களுக்குச் சொந்த முற்றம் கிடையாது. நாம் கூடுவதெல்லாம் பொது இடத்தில், வாடகை மண்டபத்தில், பள்ளிக்கூட அரங்கில். பொது வெளியின் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்?

ஊருக்குப் போகும்போது அந்த மார்க்கெட்டுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே அத்தர் ஒரு சிமிழ், பாதாம் ஒரு பொட்டலம் வாங்குங்கள். முற்றத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். பூதம் இல்லாத காலத்தில் வெள்ளிடையைக் காக்கும் வேலை நம் தலையில்தான் விழுந்திருக்கிறது.