பாதுகாக்கும் பொறுப்பு: கனடாவில் பிறந்த சொல்லும் கார்டினரில் எழுந்த குரலும்



2009ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்னையர் தினமான அன்று மாலை, ரொறன்ரோவின் கார்டினர் அதிவேகச் சாலையில் ஆயிரக்கணக்கான தமிழர் ஏறி நின்றனர். நகரின் முதன்மைப் பாதை பல மணிநேரம் முடங்கியது. சாலையை மறித்தது முறையா என்பது குறித்து அந்நாட்களில் நிறையப் பேசப்பட்டது. ஆனால், அம்மக்கள் கேட்டதற்கு உலக அரசியலில் ஒரு பெயர் உண்டு என்பதும், அப்பெயரைச் சூட்டியது கனடா அமைத்த ஓர் ஆணைக்குழுவே என்பதும் அதிகம் பேசப்படவில்லை. அந்த வரலாற்றை இன்று உங்களோடு பகிர விரும்புகிறேன்.

1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது, அங்கிருந்த ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் கனடியத் தளபதி ரொமியோ டலெயர். அவர் மேலதிகப் படையினரைக் கேட்டார். பாதுகாப்புச் சபையோ சுமார் 2500 பேரைக் கொண்ட அப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு, ஐ.நா. பாதுகாப்பு வலயமாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் ஏறக்குறைய 8000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். 1999இல் கொசோவோவில் நிலைமை தலைகீழானது. பாதுகாப்புச் சபையின் ஒப்புதலின்றி நேட்டோ குண்டு வீசியது. தலையிடாமையும் பழியாயிற்று, தலையீடும் பழியாயிற்று. அரசின் இறைமை பெரிதா, மக்களின் உயிர் பெரிதா என்ற வினாவை ஐ.நா. பொதுச்செயலர் கொஃபி அனான் உலகின் முன் வைத்தார்.

அவ்வினாவை ஏற்றது கனடா. அன்றைய வெளியுறவு அமைச்சர் லொயிட் அக்ஸ்வேர்தியின் முயற்சியால் 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு பன்னாட்டு ஆணைக்குழு அமைந்தது. ஆஸ்திரேலியாவின் கரெத் எவன்ஸும் அல்ஜீரியாவின் மொஹமட் சானூனும் அதன் இணைத் தலைவர்கள். 2001 டிசெம்பரில் வெளிவந்த அறிக்கையின் தலைப்பே 'பாதுகாக்கும் பொறுப்பு'. அதன் கருத்து எளியது. இறைமை என்பது அரசின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். தன் மக்களைக் காக்க ஓர் அரசால் இயலாதபோதோ, அதற்கு மனமில்லாதபோதோ, அக்கடமை சர்வதேச சமூகத்தைச் சேரும். 2005ஆம் ஆண்டு உலகத் தலைவர்களின் ஐ.நா. மாநாடு இதனை ஏற்றது. 2008 ஏப்ரலில் ஐ.நா. பொதுச்சபையில் உரையாற்றிய திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பரும் இக்கோட்பாட்டை எடுத்துரைத்து, அதன் வேர்களைத் தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியாவின் சிந்தனையோடு இணைத்துக் காட்டினார்.

ஓராண்டுக்குள் சோதனை வந்தது. வன்னியில் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் மக்கள் எறிகணைகளுக்கு இரையாயினர். கோட்பாடு ஏன் செயற்படவில்லை? அதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது, காலம். அவ்வறிக்கை வெளிவருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்திருந்தன. அதன்பின் உலகம் பேசிய மொழி பயங்கரவாத எதிர்ப்பு. 2006இல் கனடாவும் விடுதலைப் புலிகளைத் தடைசெய்திருந்தது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தனர், தப்ப முயன்றோரைச் சுட்டனர் என்பதை ஐ.நா. நிபுணர் குழு பின்னர் பதிவு செய்தது. அவ்வுண்மையை நாமும் மறைத்தலாகாது. ஆயினும் ஒரு தரப்பின் குற்றம், நடுவில் அகப்பட்ட மக்களின் பாதுகாப்பை இரத்துச் செய்யாது.

இரண்டாவது, வாயில். கோட்பாட்டின் இறுதிக் கதவு பாதுகாப்புச் சபையில் இருந்தது. அச்சபை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சிநிரலில் சேர்க்கவே இல்லை. முறைசாராச் சந்திப்புகள் நடந்தன. மே 13ஆம் நாள் ஓர் ஊடக அறிக்கை வந்தது. ஐந்து நாட்களில் யாவும் முடிந்தது.

மூன்றாவதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. பொறுப்பு யாருடையது என்பதற்கு அக்கோட்பாடு அளித்த விடை 'சர்வதேச சமூகம்'. அச்சமூகத்திற்கு வாசலும் இல்லை, முகவரியும் இல்லை. கார்டினரில் நின்ற மக்களோ, தாம் அறிந்தோ அறியாமலோ, அதற்கு ஒரு முகவரியைத் தேடினர். வியப்பு என்னவெனில், அவ்வாணைக்குழுவின் உறுப்பினருள் ஒருவரான மைக்கேல் இக்னாட்டியெவ் அன்று கனடாவின் எதிர்க்கட்சித் தலைவர். கார்டினர் சாலையின் மேற்குப் பகுதி அன்று அவருடைய தொகுதியூடாகவே சென்றது. அவரது கட்சி இவ்விடயத்தை நாடாளுமன்றத்தில் எழுப்பும் என்ற உறுதி கிடைத்த பின்னரே, நள்ளிரவையொட்டி மக்கள் கலைந்தனர். கோட்பாட்டை எழுதியோருள் ஒருவராலும் அந்த இரவில் தர முடிந்தது அவ்வளவே.

பின்னர் அறிக்கைகள் வந்தன. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது 2011இன் நிபுணர் குழு. தன் அமைப்பே தவறியது என்று 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு ஒப்புக்கொண்டது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கணக்கில் வராத 1,46,679 பேர் எங்கே என்று அரசின் ஆணைக்குழுவிடமே கேட்டார். இறுதிவரை மக்களோடு இருந்து, 2009 மே 18இல் சரணடைந்தோருடன் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் யோசேப்பு இன்றுவரை திரும்பவில்லை. 2022 மே 18இல் கனடிய நாடாளுமன்றம் அந்நாளைத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. நினைவுகூரும் பொறுப்பு நிறைவேறியது. பாதுகாக்கும் பொறுப்பு நிறைவேறவில்லை.

எனினும், அக்கோட்பாடு பொய் என்று நான் சொல்லமாட்டேன். உரியவர் இன்னாரென்று குறிக்கப்படாத கடமையை எவரும் தம் கடமையாகக் கொள்வதில்லை என்பதே அதன் வரலாறு தரும் பாடம். இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம் வாக்கு எடையுள்ளது. டார்பூர் மக்களோ ரோகிங்யா மக்களோ இந்நகரின் வீதியில் பதாகையோடு நிற்கும்போது, நாம் போக்குவரத்து நெரிசலில் சலித்துக்கொள்ளும் வாகன ஓட்டிகளாக இருப்போமா? அல்லது நம் தொகுதி உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைத்து, 'இவர்களுக்காக நீர் என்ன செய்தீர்?' என்று கேட்போமா? அன்று நமக்குக் கிடைக்காத முகவரியை வேறொரு மக்களுக்குக் காட்ட இயலுமாயின், கார்டினரில் நின்ற அந்தத் தாய்மாரின் குரல் வீண்போகவில்லை எனலாம்.