இழையில் தொங்கிய பளிங்கு

கே. எஸ். கிருஷ்ணன் என்றால் இராமனின் துணைவர் என்றே வெள்ளவத்தையில் எம்மவர் அறிவர். பத்திரிகையில் நானும் அவ்வாறுதான் எழுதினேன். அநீதி அது. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த அவர், 1928இல் டாக்கா சென்றபின் பளிங்குகளை நுண்ணிய குவாட்ஸ் இழையில் காந்தப்புலத்தினுள் தொங்கவிட்டார். இழையின் முறுக்கமே திசைக்குத் திசை மாறும் காந்த இயல்பை அளந்து தந்தது. எவ்வளவு எளிய கருவி!

ஆனால் அது பளிங்கை முழுதாகவே அறிந்தது. எந்த மூலகத்தின் காந்தம் எதுவெனப் பிரித்தறிய முனைவாக்கிய எக்ஸ் கதிர் வரவேண்டியிருந்தது. 1987இல் கிசெலா ஷூட்ஸ் குழுவினர், வட்டமாக முனைவாக்கிய கதிரை இரும்பு உறிஞ்சும் அளவு அதன் காந்தத் திசையோடு மாறுவதைக் காட்டினர். அவர்களுடையது வன்கதிர். மென்கதிரிலோ இரும்பு 707, நிக்கல் 853 இலத்திரன் வோல்ற்று அளவில் தத்தம் காந்தத்தைத் தனித்தனியே வெளிப்படுத்தும். இந்தோரின் இண்டஸ்-2இல் அதற்கெனக் கதிர்வழி உண்டு. இலங்கையில் இல்லை, எம் மாணவர் கடல் கடந்தே செல்லவேண்டும்.