மூன்று பாட ஏடுகளும் ஓர் ஓலையும்

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையில், மதுராந்தகத்தை அடையுமுன் வருகிற ஊர் கருங்குழி. வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூருக்கு அருகில் இருப்பது. பெயரொற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். நாம் பேசப்போவது செங்கற்பட்டுச் சீமைக் கருங்குழியைப் பற்றி.

இவ்வூர்ப் பக்கத்து மேல்நிலைப்பள்ளி மாணவி ஒருத்தியின் பையை மனக்கண்ணால் திறந்து பார்ப்போம். கலைப்பிரிவு மாணவி அவள். வரலாற்று ஏடு ஒன்று, வணிகவியல் ஏடு ஒன்று, பாட்டு வகுப்புக்கென மெல்லிய ஏடு ஒன்று. மூன்றுக்கும் மூன்று ஆசிரியர். மூன்றுக்கும் மூன்று மணியடிப்பு. வரலாற்று வகுப்பிலே வணிகத்தைப் பற்றிக் கேட்டால், "அது அடுத்த பாடவேளை" என்பார்கள். பாட்டு வகுப்போ, தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோகும் வகுப்பு! ஆனால், தோழர்களே, அவள் பிறந்த மண்ணிலே இம்மூன்றும் ஒரே ஓலையில் எழுதப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஓலையை எழுதும் உரிமையும் படிக்கும் உரிமையும் யாருக்கு இருந்தன என்பதே நமது கேள்வி.

வணிகவியல் ஏட்டிலே நிறுமங்களின் வகைகளைப் படிக்கிறாள் அம்மாணவி. பட்டய நிறுமம் என்பது அதில் ஒன்று. முடியரசின் பட்டயத்தால் உருவானது. அதற்கு எடுத்துக்காட்டு, 1600 டிசம்பர் 31-ஆம் நாள் எலிசபெத் அரசியிடம் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி. வரலாற்று ஏட்டிலோ அதே கம்பெனி கோட்டை பிடிக்கிறது, வரி தண்டுகிறது, நீதி வழங்குகிறது. மிளகு வாங்க வந்த கடைக்காரன் எப்படி மன்னனானான்? விடை தேடி இலண்டனுக்குப் போகவேண்டுவதில்லை. கருங்குழியில் நின்றாலே போதும்.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, தான் பெற்ற படை உதவிக்குக் கைம்மாறாக, 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். ஊரை, ஏரியை, உழுபவனை, உழுபவனின் விளைச்சலை ஒரு வணிக நிறுமத்தின் கணக்கிலே வரவு வைத்தார் என்று பொருள். கொடுத்தவர் உழவர்களைக் கேட்டாரா? பெற்றவர்தான் கேட்டாரா? ஐதர் அலியின் போரிலே கருங்குழிக் கோட்டை கைமாறி, 1781 சனவரியில் ஆங்கிலப் படையிடம் மீண்டும் சிக்கியது. பின்னர் 1859 வரையில், இடையே 1825 முதல் 1835 வரை காஞ்சிபுரத்திற்குப் பெயர்ந்த பத்தாண்டு நீங்கலாக, மாவட்டத்தின் தலைமையிடமே கருங்குழிதான். இன்று அவ்வழியே பேருந்தில் விரைகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி ஓலைக்கு வருவோம். 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் ஏறத்தாழ ஈராயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அப்போது ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. களத்து நெல்லைப் பங்கிடுமுன் யார் யாருக்கு எவ்வளவு அளக்கவேண்டும் என்பது அவ்வோலைகளில் உண்டு. கோயிலுக்கு ஒரு பங்கு, கணக்கனுக்கு ஒரு பங்கு. தச்சனுக்கும் கொல்லனுக்கும், வண்ணானுக்கும் நாவிதனுக்கும், வெட்டியானுக்கும் பங்கு. இசைப்போருக்கும் ஆடல் மகளிருக்கும் பங்கு. வரலாறு, வணிகம், இசை மூன்றும் ஒரே ஓலையிலே!

"ஆகா, அனைவருக்கும் பங்களித்த பொற்காலம் பாரீர்!" என்று இதைக் காட்டிப் பூரிப்போர் உண்டு. பங்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பங்கு பிறப்பின் மீது கட்டப்பட்ட பங்கு. வெட்டியானின் மகனுக்கு வெட்டியான் பங்கு காத்திருந்தது. கணக்கனின் எழுத்தாணி காத்திருக்கவில்லை. மிராசுதாரர் நிலத்திலே பரம்பரை பரம்பரையாகக் கட்டுண்டு உழைத்த பண்ணையாளுக்கு உழுத மண்ணும் உரிமையில்லை, குடியிருந்த மனையும் உரிமையில்லை. 1843-இல் அடிமைமுறை சட்டத்தின் ஏற்பை இழந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1891-இல், செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைபற்றி அறிக்கை எழுதினார். ஒருவன் நிமிர்ந்து கூலி கேட்டால் குடியிருக்கும் மனையைவிட்டே துரத்தப்படும் நிலை அப்போதும் இருந்தது. அவ்வறிக்கையின் விளைவுதான் 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணை. இந்த அறிக்கையைச் செங்கற்பட்டு மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கவேண்டாமா?

அவர்கள் படிக்காமலே அறிந்திருக்கும் கதை வேறொன்று. மதுராந்தகம் ஏரிக்கரை மழைதோறும் உடைந்ததாம். ஆட்சியர் லயனல் பிளேசு செப்பனிட்டாராம். பெருமழை இரவொன்றில் வில்லேந்திய இரு இளைஞர் கரையைக் காத்து நிற்பதைக் கண்டாராம். நன்றிக் கடனாகத் தாயார் சன்னிதியைக் கட்டுவித்தாராம். ஏரிகாத்த இராமர் என்ற பெயருக்கு இதுவே காரணமாம். பிளேசு 1794 முதல் 1798 வரை இங்கு ஆட்சியராக இருந்தது வரலாறு. கோயிற் கல்வெட்டிலும் அவர் பெயர் உண்டு. வில்லேந்தியவர் வந்தது கதை. இரண்டுக்குமிடையே மண் சுமந்தவர்கள் எங்கே? கூடை கூடையாகக் கொட்டி, காலால் மிதித்துக் கெட்டித்த கைகளும் கால்களும் எங்கே? ஆட்சியருக்குக் கல்வெட்டு, இராமருக்குக் கோயில், கரை கட்டியவனுக்கு அன்றைய கூலி! வரலாற்று ஏட்டின் ஓரத்திலே அம்மாணவி எழுதிவைக்கவேண்டிய கேள்வி இது.

பாட்டு ஏட்டை இதுவரை ஒதுக்கி வைத்திருந்தோம். காரணத்தோடுதான். 1822-இல் சென்னை ஆளுநர் தாமசு மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளை எண்ணச் சொல்லி ஆணை விடுத்தார். அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைமையிடம் நமது கருங்குழி. 1826-இல் அவர் தொகுத்துரைத்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகள். மக்கள் தொகையோ 1,28,50,941. அந்தப் பள்ளிகளில் பெண்கள் மிக மிகச் சிலர். அச்சிலரிலும் பலர் கோயிலுக்கு விடப்பட்ட ஆடல் மகளிர் என்று மாவட்ட அறிக்கைகள் சொல்கின்றன. எண்ணிப் பாருங்கள்! எழுத்தும் இசையும் கற்ற பெண் என்றால் குலம் சுட்டிப் பழித்த சமுதாயம் அது. வீட்டுப் பெண்ணுக்கு எழுத்து கூடாது. எழுத்தறிந்த பெண்ணுக்கு வீடு கூடாது! மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் ஏச்சையும் இழிசொல்லையும் ஏற்று, ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 1947-இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. இன்று கருங்குழி மாணவி கூசாமல் வாய்திறந்து பாடுகிறாளே, அந்தக் கூச்சமின்மைக்கு வயது அவ்வளவுதான்.

இசையின் கதவைத் திறந்தவர்களில் இன்னொருவரையும் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. தஞ்சையில் சித்த மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர், தம் பொருளைச் செலவிட்டு ஆராய்ந்து, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். சுருதி இருபத்திரண்டு என்ற வடநூல் கணக்கை மறுத்து இருபத்துநான்கு என்று கணக்கிட்டார். சிலப்பதிகாரத்தைச் சான்றுக்கு அழைத்தார். அவரது முடிவில் மாறுபடுவோர் இருக்கலாம். ஆனால் இசையைக் குலச்சொத்தென்று கருதாமல் கணக்கிட்டுப் பார்க்கத்தக்க அறிவாக அவர் எடுத்துக்கொண்டாரே, அது பெரிது. இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை 1494-இல் அச்சேற்றிய பாசியோலி என்ற இத்தாலியத் துறவியும் இலத்தீனை விட்டு மக்கள் மொழியிலேதான் எழுதினார். நம்மூர் மடங்களிலே கணக்கு எழுதியவர் உண்டு. எல்லோருக்கும் கற்பித்தவர் எத்தனை பேர்?

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் இதே செங்கற்பட்டில் முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் நடந்தது. சாதிப் பட்டத்தைத் துறப்பதும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமையும் அங்கே தீர்மானங்களாயின. ஓலையிலே குலத்துக்குக் குலம் அளந்து வைத்த பங்கு, அந்தப் பந்தலிலே கேள்விக்குள்ளானது.

எனினும் ஓலை எளிதில் கிழியவில்லை. 1953-இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் ஒன்றைப் புகுத்தினார்: பள்ளியில் மூன்று மணி நேரம், மிச்ச நேரம் பெற்றோர் தொழில். குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது. கணக்கனின் மகன் வீட்டில் கணக்கைக் காண்பான். வெட்டியானின் மகன் எதைக் காண்பான்? தெருத்தெருவாக அந்தக் கேள்வி எழுந்தது. மறியலும் சிறையும் தொடர்ந்தன. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே 18-ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, சிற்றூர்ப் பிள்ளைகள் பிற்பகலிலும் வகுப்பிலே இருந்தார்கள்.